லேப்டாப்பை டிவியில் மாட்டிய வாரம்

டிவியில் ஒரு பச்சை மலை தெரிந்தது. அதன் பின்னால் நீல வானம். அவ்வளவுதான். ஆள் இல்லை, அசைவு இல்லை, சத்தம் இல்லை.

என் கணவர் தங்கராசு வலது காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அந்த மலையைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் மூட்டு ஆபரேஷன் முடிந்து தில்லை நகர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலாவது நாள். அவர் மடியில் டிவி ரிமோட். என் மடியில் லேப்டாப். இரண்டுக்கும் நடுவே தரையில் ஒரு கறுப்பு ஒயர்.

“இதுதான் படமா?” என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு நாங்கள் குடிவந்த கதையைப் போன வாரம் படித்தவர்களுக்கு, பிரிக்காமலே பரணில் ஏற்றிய அட்டைப் பெட்டிகள் ஞாபகம் இருக்கலாம். அதில் ஒரு பெட்டியை இந்த வாரம் பிரிக்கிறேன். பிரித்திருக்க வேண்டுமா, சும்மா விட்டிருக்க வேண்டுமா என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

ஒரே ஒரு ஒயர்

மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மகள் கவிதா, போன விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனாள். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரில் போட்டால்தான் ஓடும். எங்கள் டிவியோ பெரியது, ஆனால் இன்டர்நெட் வராத ரகம். அப்பா ஆறு வாரம் வீட்டோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டால் அவர் வேண்டிய படமெல்லாம் பார்க்கலாம் என்று போனில் யோசனை சொன்னாள். ஒரே ஒரு ஒயர்தான் வேண்டும் என்றாள்.

ஒரே ஒரு ஒயர் என்று சொல்பவர்களை இனி நான் நம்பப்போவதில்லை.

சிங்காரத்தோப்பில் ரஹீம் பாய் கடைக்குப் போனேன். சவுதியில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர். டிவியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், காட்டினேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அம்மா, இது டிவி இல்லீங்க. கேபிள்காரர் குடுத்த டப்பா.”

மறுபடி பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, டிவியைச் சுவரிலிருந்து தள்ளிப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி பாலம் தாண்டிப் போனேன். டிவியில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள் இருந்தன. எதில் சொருகுவது என்று கேட்டேன். எதில் வேண்டுமானாலும் சொருகலாம், ஆனால் எதில் சொருகினோம் என்பதை ரிமோட்டில் சொல்ல வேண்டும் என்றார். ஒயரைச் சொருகியது நான். அதை டிவிக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? கேட்கவில்லை. கடையில் கூட்டமாக இருந்தது.

இத்தனைக்கும் நான் ஒயரைச் சொருகியே சம்பளம் வாங்கியவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் முதல் சில வருஷங்கள் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டு முன்னால்தான் போயின. விளக்கு எரியும், ஒயர்க் கயிற்றைச் சொருகுவேன், இந்தப் பக்கம் மணச்சநல்லூர் நெல் வியாபாரி, அந்தப் பக்கம் சென்னை. “பேசுங்க” என்று சொல்லிவிட்டு நான் விலகிக்கொள்வேன். யாருக்கு யார் வேண்டும் என்பதில் எனக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. பக்கத்து சீட் சரோஜா ஒரு முறை சம்பந்தமே இல்லாத இரண்டு பேரைச் சேர்த்துவிட, அவர்கள் மூன்று நிமிடம் சந்தோஷமாகப் பேசிவிட்டு வைத்தார்கள். அது வேறு கதை.

அம்பு காணவில்லை

மலைக்கு வருகிறேன்.

லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. படங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. டிவியில் மட்டும் மலை. மவுஸை நகர்த்தினேன். லேப்டாப் திரையில் இருந்த அம்பு வலது ஓரத்துக்குப் போய், சுவரில் பல்லி மறைவது மாதிரி மறைந்துவிட்டது. மேலே, கீழே எல்லாம் தேடினேன். இல்லை.

“மலைல ஏதோ பூச்சி ஊருது,” என்றார் என் கணவர்.

பூச்சி இல்லை. என் அம்பு. லேப்டாப்பை விட்டு வெளியேறி டிவிக்குள் போயிருந்தது. அது அங்கே எப்படிப் போகும், ஒயர் வழியாகவா என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம். டிவி எனக்கு இடது பக்கம் இருந்தது. அம்பு வலது பக்கமாகப் போய் இடது பக்கம் வந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும்.

கவிதா போனில் வந்தாள். டிவியை இன்னொரு மேஜை மாதிரி லேப்டாப் நினைத்துக்கொள்கிறது, இரண்டிலும் ஒரே படம் தெரியும்படி மாற்ற வேண்டும் என்று எந்தப் பொத்தானை அழுத்துவதென்று சொன்னாள். அழுத்தினேன். லேப்டாப் இருண்டது, டிவியில் எல்லாம் வந்தது. மறுபடி அழுத்தினேன். டிவி இருண்டது. நாலாவது தடவை இரண்டிலும் வந்தது. ஆனால் சத்தம் லேப்டாப்பிலிருந்துதான் வந்தது. டிவி வாயை மட்டும் அசைத்தது. அதற்கு ஒரு பொத்தான். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது; அதற்கு ஒரு பொத்தான். வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடி வைத்தேன், எல்லாம் அணைந்துபோனது. மூடினாலும் தூங்காமல் இருக்கும்படி அதற்குச் சொல்ல வேண்டுமாம்.

மூன்று நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டிவி பக்கத்தில் தொங்கவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலையில் அவர் ஒரு பழைய படம் முழுவதும் பார்த்தார். அன்று பிற்பகல்தான், பரணில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் இருக்குமே, அதையும் இதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கல்யாண டிஸ்க்

அது கவிதாவின் கல்யாணப் பதிவு. பாட்டு, பூமழை எல்லாம் சேர்த்து வெட்டி ஒட்டிய வீடியோவை அப்போதே ஒரு தடவை பார்த்திருந்தோம். வெட்டாத முழுப் பதிவையும் வீடியோக்காரர் இந்த டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்க எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. இருந்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

காரணம் என் தம்பி செல்வம்.

எனக்கு ஏழு வயது இளையவன். சமயபுரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறான். கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். கவிதாவுக்குத் தாய்மாமன். எங்கள் வழக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணமேடைக்கு அழைத்துவர வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அவன் சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் காலை மாலை போடும் நேரத்தில் ஆள் இல்லை. ஐயர் நேரமாகிறது என்று அவசரப்படுத்த, என் சித்தப்பா மகன் முருகேசன் மாலை போட்டான். செல்வம் கொண்டுவந்த தாம்பாளம் மேடைப் படியில் கிடந்தது. அவன் சாப்பிடாமல் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு, சபையில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டான். இதுதான் எனக்குத் தெரிந்த கதை. கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன். ஒரு தடவை போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை. அதன்பிறகு நானும் செய்யவில்லை. ஒன்பது வருஷம். சமயபுரத்துக்கு அம்மனைப் பார்க்கப் போனால்கூட அவன் கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றுவழியாகப் போவேன்.

ஏழு விநாடி

டிஸ்கைப் போட்டதும் டிவி நிறைய ஜனம். பாதிப்பேர் இப்போது இல்லை. நாங்கள் இருவரும் பேர் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடை வந்தது. மேடையின் ஓரத்தில், அரக்குப் புடவையில் நான். கீழே படிக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, புது வேட்டியில் செல்வம்.

அவன் அங்கே நின்றான்.

நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனேன். படத்தில் இருந்த நான் அவனைப் பார்த்தேன். நேராக, முகத்துக்கு முகம். பார்த்து, தலையை ஒரு முறை கீழாகச் சாய்த்து லேசாக ஒரு பக்கம் இழுத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை என் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார், நான் திரும்பிக்கொண்டேன். மொத்தம் ஏழு விநாடி.

பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செல்வம் நின்றுகொண்டே இருந்தான். ஒரு தடவை தாம்பாளத்தைக் கை மாற்றினான். நாதஸ்வரம் வேகமெடுத்தது. யாரோ முருகேசனை முன்னால் தள்ளினார்கள். முருகேசன் மாலை போட்டதைப் பார்த்த பிறகுதான், செல்வம் குனிந்து தாம்பாளத்தைப் படியில் வைத்தான்.

என் கணவர் தொழிற்சாலையில் வெல்டிங் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து முடிவு எழுதும் வேலையில் இருந்தவர். இரும்புக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ரிவர்ஸில் விடு என்றார். விட்டேன். இன்னொரு தடவை என்றார். ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வான்னுதான் சொல்ற. மேல வான்னு.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் இரு என்று சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த தடவை பார்த்தபோது வா என்று சொன்ன மாதிரியே இருந்தது. டிவித் திரையைப் போனில் படம் பிடித்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். அவள் வெகுநேரம் கழித்து, இரு என்று சொல்வது மாதிரி இருக்கிறது என்று எழுதினாள். கீழே இன்னொரு வரி: முந்தின நாள் கோபத்தில் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாமோ?

அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால், இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவனைப் பார்த்ததே ஞாபகம் இல்லை. ஒன்பது வருஷமாக என் மனசில் ஓடிய காட்சியில் அவன் அந்த இடத்திலேயே கிடையாது. இங்கே முழு ஆளாக நிற்கிறான். தலையாட்டுகிறவள் நான்தான், என் புடவை, என் மூக்குத்தி. ஆனால் அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவருக்குப் படம் கிடையாது. நான் அந்த ஏழு விநாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் காபி குடித்துக்கொண்டே சொன்னார். சில எக்ஸ்ரே படங்கள் தெளிவாக விழாது, எத்தனை தரம் வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது. அப்போது நல்லது என்றும் எழுதக்கூடாது, விரிசல் என்றும் எழுதக்கூடாது. தெளிவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதத்தான் ரொம்பப் பேருக்குக் கை வராதாம்.

சமயபுரம்

அவருக்கு மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன். இந்த முறை சுற்றுவழியில் போகவில்லை.

செல்வத்துக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கடைவாசலில் குங்குமப் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், சாமான் வாங்க வந்தவர்களிடம் சொல்வது போல “வாங்க” என்றான். என்னிடம் அவன் ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மாமாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஆபரேஷன் நடந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. கவிதா அவனிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கு என்று தெரியவில்லை. வா என்று சொல்லியிருந்தால் தப்பு அவனுடையது. இரு என்று சொல்லியிருந்தால் மறந்தது என் தப்பு. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது. கல்யாண வீடியோ கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு வந்து பார் என்று மட்டும் சொன்னேன். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி கூட்டம் இருக்கும், புதன்கிழமை பார்க்கிறேன் என்றான். வருவான் என்று நான் நம்பவில்லை.

புதன்கிழமை

பதினொரு மணிக்கு வந்தான். கையில் மாமாவுக்கு ஆரஞ்சு.

நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். எதையோ மாற்றி அழுத்தியதில் மறுபடி அந்த மலை வந்தது. செல்வமும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது தடவையில் கல்யாணம் வந்தது. லேப்டாப்பை மூடி வைத்தேன்.

அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். ஏழு விநாடி வந்தது, போனது. தாம்பாளத்தைப் படியில் வைக்கும் இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் பேசியாக வேண்டியிருந்தது.

“செல்வம், நான் உன்னை வான்னு சொன்னேனா, இருன்னு சொன்னேனா, வேணாம்னு சொன்னேனான்னு எனக்குத் தெரியலடா. நூறு தடவை பாத்துட்டேன். தெரியல. நீ அங்க இல்லன்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொன்னேன். நீ இருந்திருக்க.”



“வான்னுதான் கூப்பிட்டேன், நீதான் வரலன்னு நீ சாதிப்பன்னு நெனச்சுத்தான் வந்தேன்க்கா,” என்றான். “அப்படிச் சொல்லியிருந்தா இப்படியே எந்திரிச்சுப் போயிருப்பேன்.” டிவியைக் காட்டி, “நீ வேணாம்னு தலையாட்டுனதாத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன். இதுல பாத்தா அப்படித் தெரியல. எனக்கும் தெரியலக்கா.”

இதற்குள் வீடியோ தன்பாட்டுக்கு ஓடி, மண்டப வாசலில் இருந்த இன்னொரு கேமரா எடுத்த பகுதிக்கு வந்திருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் செல்வம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். போகவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தான். ஒரு காரில் ஆட்கள் வந்து இறங்கி உள்ளே போனார்கள். மறுபடி திரும்பிப் பார்த்தான். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நின்றிருக்கிறான். யாரும் வரவில்லை.

“போதும், நிறுத்துக்கா,” என்றான் மெதுவாக.

எப்படி நிறுத்துவது என்று எனக்கு அந்த நிமிடத்தில் மறந்துவிட்டது. ரிமோட்டில் எதையோ அழுத்தினேன், அவன் முகம் டிவி முழுக்கப் பெரிதாகியது. என் கணவர் வாக்கரைப் பிடித்து எழுந்து, இரண்டு எட்டு வைத்து, சுவரில் இருந்த டிவி ஸ்விட்சை அணைத்தார். டிவி இருண்டது. ஆனால் நாதஸ்வரம் நிற்கவில்லை. மூடிக் கிடந்த லேப்டாப்புக்குள்ளிருந்து மெல்லிசாக வாசித்துக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். செல்வத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

வாசித்து முடியட்டும் என்று விட்டுவிட்டு மேஜையில் இலை போடப் போனேன்.

வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. வருவான் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் செய்திருப்பேன். அவரும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சு, சமயபுரத்தில் கடை முன்னால் ரோடு போடும் லட்சணத்தைப் பற்றிப் போனது. மூன்றாவது முறை சாதம் எடுத்துக்கொண்டு போனேன். செல்வம் வாயில் சோற்றோடு, இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டித் தலையை அசைத்தான்.

நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“செல்வம், வேணாங்கிறியா, கொஞ்சமாப் போடுங்கிறியா? வாயத் தொறந்து சொல்லுப்பா.”

அவன் மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“கொஞ்சமாப் போடுக்கா,” என்றான்.